கோயில் கார் ஸ்டார்ட் ஆகல: பழி போடுறதுக்கு முன்னால பரிசோதனை



கொஞ்சம் நீளமான பதிவுதான். ஆனா ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வர்றவங்க தயவு செஞ்சு முழுசா படிச்சிட்டு வாங்க. விஷயம் நம்ம கோயில் கார்.

நம்ம கார் பழைய சாகா ஈஸ்வரா, 1.3 லிட்டர், கார்பரேட்டர் இஞ்சின். பேரே ஈஸ்வரான்னு சொல்லித்தான் அதை உபயமா கொடுத்தாங்க. வெள்ளிக்கிழமை பூஜைக்கு, வீட்ல வண்டி இல்லாத பாட்டிமாரை ஏத்திக்கிட்டு வர்றது அதுதான். சனிக்கிழமை பாசார்ல இருந்து அன்னதானத்துக்குக் காய்கறி, அரிசி கொண்டு வர்றதும் அதுதான். நீலப் புகை விட்டுச்சு, ஆயில் குறைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அதனால பக்தர்கள் கொடுத்த பணத்துல இஞ்சினை ஓவர்ஹால் பண்ண முடிவு செஞ்சோம். புது ரிங், வால்வ் சீல், பேரிங், கேஸ்கெட், டைமிங் பெல்ட் எல்லாம் போட்டாச்சு. போன வாரம் இஞ்சினைத் திரும்ப ஏத்தினாங்க. சாவியைத் திருப்பினா சுத்துது, ஆனா பிடிக்கல. நடு நடுவுல கார்பரேட்டர் வழியா "டப்"புன்னு வெடிக்குது.

அவ்வளவுதான் நடந்தது. ஆனா வாட்ஸ்அப் குரூப்ல நடந்தது வேற. "ஃபோர்மேன் நம்மள ஏமாத்திட்டாரு"ன்னு சிலர். "கார்பரேட்டர், காயில், டிஸ்ட்ரிபியூட்டர், பெட்ரோல் பம்ப் எல்லாத்தையும் புதுசா மாத்துங்க"ன்னு சிலர். "பழைய இரும்புக்குப் போட்டுட்டு புது வேனுக்கு வசூல் பண்ணுவோம்"னு இன்னும் சிலர். தோஷம்னு சொன்னவங்களும் உண்டு.

என் கருத்தை நேராவே சொல்றேன். இதுல எந்த முடிவுக்கும் வர இன்னும் நேரம் வரல. ஏன்னா யாருமே இன்னும் அந்த இஞ்சினை ஒழுங்கா, வரிசையா பரிசோதிச்சுப் பார்க்கல. தொழிற்சாலையில மெயின்டனன்ஸ் வேலையில இருபது வருஷம் இருந்தவன்கிற முறையில சொல்றேன். ஓடிக்கிட்டிருந்த மெஷினைப் பிரிச்சு மாட்டின பிறகு ஓடலன்னா, முதல்ல பார்க்க வேண்டியது கை பட்ட இடம். நம்ம கார் பட்டறைக்குத் தானே ஓடித்தான் போச்சு. அப்போ காயில் வேலை செஞ்சுச்சு, பம்ப் வேலை செஞ்சுச்சு, கார்பரேட்டரும் வேலை செஞ்சுச்சு. அதையெல்லாம் முதல்ல காசு கொடுத்து மாத்துறதுல என்ன நியாயம்?

பெட்ரோல் இஞ்சின் ஓட நாலு விஷயம் வேணும். போதுமான வேகத்துல சுத்தணும். சிலிண்டர்ல அழுத்தம் இருக்கணும். பெட்ரோலும் காத்தும் சரியான அளவுல வரணும். பிளக்ல பொறி சரியான நேரத்துல விழணும். இந்த நாலையும் ஒண்ணொண்ணா பார்த்தா ஒரு சாயங்காலத்துல விடை கிடைச்சிடும்.

முதல்ல சுத்துற வேகம். புது ரிங், புது பேரிங் போட்ட இஞ்சின் கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கும். மாசக் கணக்குல சும்மா கிடந்த பேட்டரி அதைத் தள்ளத் திணறும். ஸ்டார்ட் பண்ணும்போது பேட்டரியில மீட்டர் வச்சுப் பாருங்க. 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினா பேட்டரியையும் கனெக்ஷனையும் பார்க்கணும். இஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கிற எர்த் வயரைத் திரும்ப மாட்ட மறக்கிறது பட்டறையில சகஜம்.

ரெண்டாவது அழுத்தம். கம்ப்ரஷன் கேஜ் எந்தப் பட்டறையிலயும் இரவல் கிடைக்கும். நாலு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டணும். நாலுமே குறைவா இருந்தா டைமிங் பெல்ட் பல்லு மாறியிருக்கலாம், இல்ல வால்வ் இடைவெளி ரொம்ப இறுக்கமா வச்சிருக்கலாம். பக்கத்து பக்கத்து சிலிண்டர் ரெண்டு மட்டும் குறைவா இருந்தா ஹெட் கேஸ்கெட் மேல சந்தேகம். ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடியும் பாருங்க. அளவு ஏறினா ரிங் பக்கம் பிரச்சினை, ஏறலன்னா வால்வ் பக்கம்.

மூணாவது பெட்ரோல். ஏர் ஃபில்டரைக் கழட்டி, ஆக்சிலரேட்டர் கம்பியை கையால இழுத்தா கார்பரேட்டர் உள்ளே பெட்ரோல் பீச்சுறது கண்ணுக்குத் தெரியணும். தெரியலன்னா பம்ப்ல வர்ற டியூப், போற டியூப் மாறியிருக்கான்னு பாருங்க. டேங்க்ல மாசக் கணக்கா கிடந்த பழைய பெட்ரோலையும் நம்பாதீங்க. கழட்டின வேக்குவம் டியூப் ஏதாவது திறந்தே கிடக்கான்னும் பார்க்கணும்.

நாலாவதுதான் என் சந்தேகம் இருக்கிற இடம்: பொறி விழுற நேரம். இந்த இஞ்சின்ல கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினாத்தான் ஒரு முழு வேலை முடியும். அந்த ரெண்டு சுத்துல ஒண்ணாம் நம்பர் பிஸ்டன் ரெண்டு தடவை உச்சிக்கு வரும். ஒரு தடவை காத்தையும் பெட்ரோலையும் அழுத்திக்கிட்டு வரும், அப்பத்தான் பொறி விழணும். இன்னொரு தடவை புகையை வெளியே தள்ளிட்டு வரும். புல்லியில இருக்கிற குறி ரெண்டு தடவையும் ஒரே இடத்துலதான் நிக்கும். குறியை மட்டும் பார்த்து டிஸ்ட்ரிபியூட்டரைப் போட்டா, பாதி சுத்து மாறிப் போக வாய்ப்பு உண்டு. அப்போ பொறி விழுற நேரத்துல உள்ளே இழுக்கிற வால்வ் திறக்க ஆரம்பிச்சிருக்கும். நெருப்பு கார்பரேட்டர் பக்கமே திரும்பும். நமக்குக் கேக்குற "டப்" சத்தம் இதுவா இருக்கலாம்.

பிளக் கேபிள் வரிசை மாறினாலும் இதே சத்தம் வரும். வரிசை 1-3-4-2. டைமிங் பெல்ட் பல்லு மாறினாலும் வரும். அதனால நானும் தீர்ப்பு சொல்லல, பார்க்க வேண்டிய இடத்தை மட்டும் காட்டுறேன். பார்க்கிற வழியும் சுலபம். ஒண்ணாம் நம்பர் பிளக்கைக் கழட்டி, அந்த ஓட்டையை விரலால மூடிக்கிட்டு, இஞ்சினை ஸ்பேனரால மெதுவா சுத்துங்க. காத்து விரலைத் தள்ளிக்கிட்டு வந்தா அதுதான் சரியான சுத்து. குறி நேரா வந்ததும் நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாருங்க. உள்ளே இருக்கிற ரோட்டர் ஒண்ணாம் நம்பர் கேபிளைப் பார்த்து நிக்கணும். நேர் எதிர்ப்பக்கம் பார்த்து நின்னா நோய் தெரிஞ்சு போச்சு. மருந்துக்கு ஒரு காசு செலவு இல்ல.

இன்னொரு வேண்டுகோள். அது வரைக்கும் யாரும் போறப்ப வர்றப்ப சாவியைத் திருப்பாதீங்க. பிடிக்காத இஞ்சினைச் சுத்திக்கிட்டே இருந்தா பெட்ரோல் பிளக்கை நனைச்சிடும். சிலிண்டர் சுவர்ல இருக்கிற ஆயிலையும் கழுவி இறக்கிடும். புது ரிங்குக்கு அது நல்லதில்ல. ஸ்டார்ட்டரும் சூடாகும். ஒரு தடவைக்கு பத்து செகண்டுக்கு மேல வேண்டாம். போன வாரம் ஒருத்தர் போத்தல்ல பெட்ரோல் கொண்டு வந்து கார்பரேட்டர்ல ஊத்தப் போனாரு. வெடிக்கிற கார்பரேட்டர்ல பெட்ரோல் ஊத்தினா முகத்துல நெருப்பு அடிக்கும். கார் நிக்கிறது அன்னதானக் கூடத்துக்குப் பின்னால, கேஸ் சிலிண்டர் பக்கத்துல. முதல்ல அங்கிருந்து தள்ளி நிறுத்துவோம். தீயணைப்பான் ஒண்ணு பக்கத்துல இருக்கட்டும்.

இப்போ பணத்துக்கு வர்றேன். உபயப் பணம் நம்ம பணம் இல்ல. இன்ன சாமான் கெட்டுப் போச்சுன்னு சோதனையில தெரிஞ்ச பிறகு அதை வாங்கலாம். அதை மாத்தியாவது பார்ப்போம்னு வாங்கறதுக்கு எந்த உண்டியல் பணத்தையும் தொடக் கூடாது. நாலு சாமானையும் ஒண்ணா மாத்தினா, ஒருவேளை கார் பிடிச்சாலும் எது கெட்டிருந்துச்சுன்னு நமக்குத் தெரியவே போறதில்ல. கணக்குல அதை என்னன்னு எழுதுறது? புது வேன் விஷயமும் அப்படித்தான். வேன் வேணும்னா அதைத் தனியாப் பேசுவோம். ஸ்டார்ட் ஆகாத ஒரு வாரத்தைக் காரணமாக் காட்டி வேண்டாம்.

தோஷம்னு சொன்னவங்களுக்கு மரியாதையோட ஒண்ணு சொல்றேன். எலுமிச்சம்பழம் வைப்போம், கற்பூரம் காட்டுவோம், வாகன பூஜையும் குறைவில்லாம செய்வோம். ஆனா பிளக் கேபிள் வரிசையைப் பார்க்கிறது நம்ம கையில இருக்கிற வேலை. நம்ம வேலையை அம்பாள்கிட்ட தள்ளிவிட வேண்டாம்.

கடைசியா, எனக்கு மனசு ரொம்ப கஷ்டமா இருக்கிற விஷயம். ஃபோர்மேன் அண்ணன் கூலின்னு ஒரு வெள்ளிகூட வாங்கல. சாமான் பில் எல்லாம் பொருளாளர் கையில இருக்கு, யார் வேணும்னாலும் பார்க்கலாம். குரூப்ல எழுதினதைப் படிச்ச பிறகு அவர் வெள்ளிக்கிழமை பூஜைக்கே வரல. பிரிச்சு மாட்டின இஞ்சின் முதல் தடவையே பிடிக்காம போறது எந்த நல்ல ஃபோர்மேனுக்கும் நடக்கிறதுதான். கை வேலையில தப்பு வரலாம், திருத்திக்கலாம். ஏமாத்துக்காரன்னு ஒருத்தரைச் சொன்னா அதைத் திருத்த எந்த ஸ்பேனரும் கிடையாது.

சனிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு அவரையே கூப்பிட்டு மேலே சொன்ன வரிசையில பார்க்கலாம்னு இருக்கேன். நானும் கூட நிக்கிறேன். கேஜும் மீட்டரும் நான் கொண்டு வர்றேன். சுத்தி இருபது பேர் நின்னு ஆளுக்கொரு யோசனை சொல்ல வேண்டாம், அவரை நிம்மதியா வேலை செய்ய விடுங்க. கண்டதை அளவோட எழுதி ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துல வைக்கிறோம். அதுக்குப் பிறகு என்ன முடிவு எடுத்தாலும் நான் கட்டுப்படுறேன்.

குரூப்ல அவரைப் பத்தி எழுதினவங்க அதை இன்னைக்கே அழிச்சிடுங்க. முடிஞ்சா ஒரு போன் போட்டு, "அண்ணே, சனிக்கிழமை வந்துடுங்க"ன்னு சொல்லுங்க. பாட்டிமாருக்கு இந்த வெள்ளிக்கிழமை வண்டி வேணும். யார்கிட்ட இடம் இருக்கோ கீழே கருத்துல எழுதுங்க.

எல்லாருக்கும் அம்பாள் துணை.