மூளையின் இரசாயனமும் உளமாய நோயும்: ஒரு சூத்திரத்தின் வறுமை

மூளையில் டோபமின் என்னும் இரசாயனம் மிகுவதே உளமாய நோய். மாத்திரை அம்மிகுதியைச் சமன்செய்கின்றது. நீரிழிவுக்கு இன்சுலின் எவ்வாறோ மனச்சிதைவுக்கு இம்மாத்திரை அவ்வாறே. பல பத்தாண்டுகளாக வைத்தியர் வாய்மொழியிலும் விளக்கப் பிரசுரங்களிலும் வழங்கிவரும் இச்சூத்திரம் எளிமையானது. நோயாளியின் குடும்பத்தினருக்கு ஆறுதலளிப்பதும் ஆகும். ஆயின் அது விஞ்ஞானமன்று. விஞ்ஞானம் கண்டவற்றுள் ஒரு துண்டைப் பெயர்த்தெடுத்து அதனையே முழுமையெனக் காட்டும் சுருக்கவாதமே அது.

இக்கருதுகோள் பிறந்த வரலாற்றை நோக்குதல் வேண்டும். குளோர்புரோமசீன் என்னும் மருந்தின் பயனைச் சத்திரசிகிச்சை நோயாளரிடம் முதலில் அவதானித்தவர் பிரெஞ்சு வைத்தியர் லபோரி. 1952இல் பாரிஸ் நகரின் சென்-ஆன் வைத்தியசாலையில் டிலேயும் டெனிக்கரும் அதனை உளமாய நோயாளருக்கு வழங்கினர். அதற்கும் முன்னரே, 1931இல், சென், போஸ் என்னும் இரு இந்திய வைத்தியர்கள் சர்ப்பகந்தா மூலிகை சித்தப்பிரமைக்குப் பயன்படுவதை எழுதியிருந்தனர். டோபமின் மூளையில் ஆற்றும் பணியை அப்போது எவரும் அறிந்திலர். 1957இல் சுவீடன் நாட்டு அறிஞர் கார்ல்சன், அம்மூலிகையிலிருந்து பெறப்படும் ரிசர்பினால் அசைவிழந்த முயல்கள் டோபமினின் முன்னோடிப் பொருளைப் பெற்றதும் மீண்டும் இயங்கக் கண்டார். 1970களின் நடுப்பகுதியில், ரொறன்ரோவில் சீமனும் பால்ரிமோரில் சினைடர் குழுவினரும், உளமாய நோய் மருந்துகளின் வலிமை அவை டோபமின் வாங்கிகளைப் பற்றும் வலிமைக்கு ஒத்திருப்பதை நிறுவினர்.

இவை பெருஞ்சாதனைகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் வரிசையைக் கவனிக்க வேண்டும்: மருந்து முந்தியது, நோய்க் கொள்கை பிந்தியது. மருந்து தாக்கும் இடத்தைக் கண்டதனால் நோய் பிறக்கும் இடத்தையும் கண்டுவிட்டதாகக் கொள்வது தருக்கவழுவாகும்.

அவ்வழுவைப் பின்வந்த சான்றுகளே வெளிப்படுத்தின. டோபமின் வாங்கிகளை ஒப்பளவிற் குறைவாகவே தடுக்கும் குளோசப்பின், ஏனைய மருந்துகளுக்கு இணங்காத நோயாளரிடையே 1988இல் நடைபெற்ற ஆய்வில் 30 வீதத்தினருக்குப் பயனளித்தது. ஒப்பீட்டுக்கு வழங்கப்பட்ட குளோர்புரோமசீனோ 4 வீதத்தினருக்கே பயனளித்தது. 2024இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற சனோமெலின் கலந்த மருந்து டோபமின் வாங்கியைத் தடுப்பதேயில்லை. மூளைப் படமெடுப்பு ஆய்வுகள் பல நோயாளரிடம் டோபமின் உற்பத்தி மிகுந்திருப்பதைக் காட்டுகின்றன என்பது உண்மையே. ஆனால் அது குழுச் சராசரி. அதனைக் கொண்டு தனியொருவரின் நோயை நிர்ணயித்தல் இயலாது. மேலும், வழமையான மருந்துகளுக்கு இணங்காத நோயாளரிடம் அம்மிகுதி காணப்படாமை 2012இல் வெளியான ஆய்வொன்றில் அறியப்பட்டது.

டோபமின் மிகுகின்றதெனில் ஏன் மிகுகின்றது? இவ்வினாவைச் சூத்திரம் எழுப்புவதேயில்லை. 2022இல் வெளியான மரபணு ஆய்வு மனச்சிதைவோடு தொடர்புடைய 287 இடங்களைச் சுட்டியது. மினசோற்றாவிற் குடியேறிய நோர்வீஜியர் தாய்நாட்டில் வாழ்ந்தோரினும் மிகுதியாக நோயுற்றதை ஓடேகார்ட் 1932இலேயே காட்டினார். நான்சி வக்ஸ்லர் இலங்கை நோயாளரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து 1979இல் வெளியிட்ட கட்டுரை, அவர்களது மீட்சி நன்கு அமைந்தமைக்குக் குடும்பமும் சமுதாயமும் கொண்டிருந்த நம்பிக்கைகளையே காரணமாகக் கண்டது. வளர்முக நாடுகளில் மீட்சி மேலானது என்ற பொதுமுடிவு பிற்காலத்தில் விமர்சனத்துக்குள்ளானது. எனினும் எழுந்த வினா அழியவில்லை.

இவ்வளவும் கேட்டு மகிழ்வோர் மறுமுகாமினர். மனநோயே ஒரு புனைவென 1961இல் நூலெழுதிய சாஸ் முதலியோரின் வழிவந்தவர்கள் அவர்கள். மாத்திரையைக் கைவிடச் செய்து செய்வினை கழிப்போரும், நோக்கம் வேறாயினும், விளைவில் அவர்களோடு ஒன்றுபடுகின்றனர். 65 ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியான மதிப்பீட்டின்படி, மருந்தைத் தொடர்ந்தோருள் ஓராண்டுக்குள் நோய் மீண்டோர் 27 வீதத்தினர். போலிமருந்து பெற்றோருள் 64 வீதத்தினர். மருந்து பயன்படுவது ஏன் என்பது முற்றாக விளங்காமையால் அது பயன்படுவது பொய்யாகிவிடுவதில்லை.

களங்கத்தை நீக்கவே சூத்திரம் பயன்படுகின்றது என்பாருமுளர். 1996ஆம், 2006ஆம் ஆண்டுகளின் அமெரிக்கக் கருத்தாய்வுகளை ஒப்பிட்டபோது, இரசாயன விளக்கத்தை ஏற்போர் பெருகியிருந்தனர். நோயாளரை விலக்கிவைக்கும் மனப்பாங்கோ குறையவில்லை. மூளையே பழுதெனக் கேட்டவர் அயலவருக்குப் பெண் கொடுக்க முன்வருவாரா என்ன?

தீங்கு வேறோரிடத்தில் விளைகின்றது. இன்சுலினைப் போன்றதென நம்பவைக்கப்பட்ட தாய், இரத்தத்திற் சீனியை அளப்பதுபோல மகனின் டோபமினையும் அளந்து காட்டுமாறு ஒருநாள் கேட்பாள். அத்தகைய பரிசோதனை இல்லை. சூத்திரம் பொய்த்த அன்றே மாத்திரையும் அவளுக்குப் பொய்த்துவிடும். இம்மருந்து குரல்களைத் தணிக்கும், நிறுத்தினால் நோய் மீளக்கூடும், உடல் பருக்கலாம், கை நடுங்கலாம், மூலகாரணம் இன்னும் ஆராயப்படுகின்றது என்று முதல்நாளே அவளிடம் கூறுவதற்கு ஐந்து நிமிடங்கள் போதும். நெரிசல் மிக்க வெளிநோயாளர் பிரிவில் அவ்வைந்து நிமிடங்களை மிச்சப்படுத்தவே சூத்திரம் வசதியாயிற்று.