பிள்ளைகளைத் தீவுக்குக் கூட்டிப் போகிறீர்களா, விரட்டிப் போகிறீர்களா?

பதிவு கொஞ்சம் நீளம். அரையாண்டு விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வெளியூர் கிளம்புகிறவர்களாவது முழுசாகப் படித்துவிடுங்கள்.

நம்ம பண்பொழி, செங்கோட்டைப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் இந்த வாரம் ஒரு வேன் பயண அறிவிப்பு சுற்றிக்கொண்டிருக்கிறது. ‘ராமேஸ்வரம் தீவுக்குக் குடும்பச் சுற்றுலா’வாம். வெள்ளி இரவு புறப்பாடு, ஞாயிறு இரவு வீடு. அதற்குள் திருச்செந்தூர், உத்தரகோசமங்கை, தேவிபட்டினம், 22 தீர்த்தம், கலாம் நினைவிடம், தனுஷ்கோடி. சின்னப் பிள்ளைகளுக்கு அரை டிக்கெட். அரை டிக்கெட்டுக்கு முழு தண்டனை!

இங்கிருந்து ராமேஸ்வரத்துக்கு ஒரு வழிக்கே ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. மிச்ச நேரத்தை ஆறு இடத்துக்குப் பங்கு போட்டுப் பாருங்கள். செருப்பைக் கழற்றி மாட்டவே சரியாக இருக்கும். 33 வருஷம் வாத்தியாராக இருந்தேன். லீவு முடிந்து வருகிற பிள்ளைகளிடம் “என்னலே பார்த்த?” என்று கேட்டால், வேனில் யார் வாந்தி எடுத்தார்கள் என்பதுதான் முதலில் வரும்.

குற்றாலம் சீசனில் வெளியூர் வேன்கள் ஒரே பகலில் மெயினருவி, ஐந்தருவி, பழைய அருவி என்று பறப்பதைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். ஈரத் துணியோடு தூங்கி விழும் அந்தப் பிள்ளைகளைப் பார்த்துப் பாவப்படுகிறோம். பாம்பன் பாலம் தாண்டியதும் நாமும் அதைத்தான் செய்கிறோம்.

சாமி கும்பிடுவதை நான் குறை சொல்லவில்லை. நானும் திருமலைக் குமரன் படியேறுகிறவன்தான். ஆனால் நாலு வயசுக் குழந்தையை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, வழுக்குகிற கல் தரையில் கிணறு கிணறாக இழுத்துப் போவது எந்தக் கணக்கில் சேரும்? தீர்த்தத்தைப் பெரியவர்கள் ஆடுங்கள். ஒருவர் பிள்ளைகளோடு அக்னி தீர்த்தக் கரையில் இருக்கட்டும்.

அந்தத் தீவில் பிள்ளைக்கு என்ன இருக்கிறது என்று யாராவது யோசித்தோமா? வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. அந்தப் பக்கத்து ஜனங்கள் வடக்கைப் பெண் கடல் என்றும் தெற்கை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தெற்குக் கடல் கொந்தளிக்கும், வடக்கு அடங்கிக் கிடக்கும். வடகிழக்குப் பருவத்தில் இது அப்படியே மாறிவிடும். புத்தகத்தில் பருவக்காற்றை நாலு பக்கம் உருப்போடுகிற பிள்ளை, அங்கே ஒரு நாள் காலையில் ஒரு கரை, மாலையில் மறு கரை என்று நின்றால் போதுமே. அதற்கு ஒரு நாள் முழுக்க வேண்டும். வேன்காரர் தருவது இருபது நிமிஷம்.

பாம்பனையும் அப்படித்தான் வேன் கண்ணாடி வழியாகக் காட்டிவிட்டுப் போகிறோம். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தை ஆட்கள் கையால் நெம்பித்தான் கப்பலுக்கு வழிவிட்டார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே லிப்ட் மாதிரி மேலே போகிறது. ரோட்டுப் பாலத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள், ஆபத்து. பாம்பன் கரையில் இறங்கி, ரயில் கடல்மேல் ஊர்ந்து வருகிற வரைக்கும் காத்திருங்கள். இன்னும் நல்லது, செங்கோட்டையில் ரயிலேறி மதுரையில் மாறி, அந்த ரயிலுக்குள்ளேயே பிள்ளைகளை உட்கார வைப்பது.

தனுஷ்கோடிக்குக் காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறினால் மணலில் கால் வைக்க முடியாது, நிழலும் கிடையாது. 1964 டிசம்பர் புயலில் ஒரு ரயிலே பயணிகளோடு கடலுக்குள் போன ஊர் அது. இடிந்த தேவாலயத்தின் முன்னால் செல்பி எடுப்பதற்கு முன் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அரிச்சல்முனையில் எக்காரணம் கொண்டும் தண்ணீரில் இறக்காதீர்கள். அங்கே நீரோட்டம் பொல்லாதது. இருபது நிமிஷத்தில் திரும்ப வேண்டிய அவசரத்தில் எந்த அப்பா பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்?

“இவ்வளவு தூரம் போயிட்டுத் திருச்செந்தூர் பார்க்காமலா சார்?” என்று கேட்கிறார்கள். திருச்செந்தூருக்கு எந்த ஞாயிற்றுக்கிழமையும் போகலாமே. “லீவு கிடைக்காது, செலவு கூடும்” என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. ஆறு ஊருக்கு ஊற்றுகிற டீசல் காசில் இன்னொரு ராத்திரி ரூம் போட்டுவிடலாம். ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் போன வருஷம் கிரேக்கத் தீவு ஒன்றுக்குக் குடும்பத்தோடு போனான். ஒரு வாரமும் ஒரே தீவு, ஒரே வீடு. “பிள்ளைகள் தினமும் அதே கரையில்தான் சார் விளையாடுச்சு, சலிக்கவே இல்லை” என்றான். கடலுக்கு ஏரோப்ளேன் ஏறிப் போகிறவனே ஒரே இடத்தில் இருக்கும்போது நமக்கு என்ன பறப்பு?

கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் நெருக்கும். அமாவாசையைத் தள்ளிவிட்டு நாள் குறியுங்கள், ரூமை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

எங்கள் தெரு வேன்காரத் தம்பியிடம் கேட்டேன். ராமேஸ்வரம் மட்டும், மூன்று ராத்திரி, ராத்திரிப் பயணம் கிடையாது. ஐந்து குடும்பம் சேர்ந்தால் வண்டி எடுக்கிறேன் என்கிறார். மூன்று குடும்பம் சேர்ந்தாயிற்று. மற்றவர்கள் இந்தப் பதிவின் கீழே சொல்லுங்கள், பிள்ளைகளின் வயசையும் சேர்த்து.