இனம் மாறிய இணைகள்

"இனம் இனத்தோடே" என்பது நம் முன்னோர் மொழி. காட்டுயிர்களிடையே இவ்விதி பெரும்பாலும் பிழைப்பதில்லை. ஆயினும், வட அமெரிக்காவின் மேற்குக் கரையோரக் காடுகளிலே ஈரினத்து ஆந்தைகள் கூடிக் குஞ்சு பொரித்திருப்பதைப் பறவையியலாளர் கண்டுள்ளனர்.

ஒன்று புள்ளி ஆந்தை. பிரிட்டிஷ் கொலம்பியா முதல் வட கலிபோர்ணியா வரையுள்ள முதுகாடுகள் அதன் தாயகம். பன்னூறாண்டு வளர்ந்த மரங்களின் பொந்துகளில் முட்டையிடும்; பறக்கும் அணில் போன்ற சிறு விலங்குகளையே பெரிதும் நம்பி வாழும். மற்றையது வரி ஆந்தை. கிழக்குப் பகுதியிலிருந்து மேற்கே பரவிய இது, 1960களில் வாஷிங்டன் மாநிலத்தை எட்டி, பின்னர் கலிபோர்ணியா வரை சென்றது. உருவிற் பெரியது, தவளை, பறவை, பூச்சி எனக் கிடைத்ததை உண்ணும்.

இவற்றின் கலப்பிற் பிறந்த ஆந்தைகள் 1994இல் அறிவியல் ஏடொன்றில் விரிவாக விபரிக்கப்பட்டன. தோற்றத்திலும் குரலிலும் அவை இரண்டுக்கும் இடைப்பட்டவை, மலடுமல்ல. எனினும், இத்தகைய இணைகள் அரியனவே. தன்னினத் துணை அருகிய இடத்திலேயே பறவை பிற இனத்தை நாடுகின்றது என்பர். ஆகவே, இக்கூட்டை நாம் வெறும் விந்தையாகக் கொள்ளலாகாது. அழிவின் அறிகுறியாகவும் கொள்ளல் வேண்டும்.

முதுகாடுகள் வெட்டப்பட்டமையாற் குன்றிய புள்ளி ஆந்தையை, 1990இல் அமெரிக்க அரசு ஆபத்துக்குள்ளான உயிரினங்களின் பட்டியலிற் சேர்த்தது. 1994இல் அரச காடுகளில் மரம் வெட்டுதலும் பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டது. ஆயினும் அதன் தொகை தேறவில்லை. எஞ்சிய காட்டிலும் வலிய வரி ஆந்தை அதன் இடத்தையும் இரையையும் கைப்பற்றிக்கொண்டது.

2021இல் வெளியான ஆய்வொன்றின்படி, வரி ஆந்தைகளை அகற்றிய இடங்களிற் புள்ளி ஆந்தையின் வீழ்ச்சி ஏறக்குறைய நின்றது; அகற்றாத இடங்களில் ஆண்டுக்குச் சுமார் 12 வீதம் தொடர்ந்தது. இதனையொட்டி, 30 ஆண்டுகளில் ஏறத்தாழ 450,000 வரையான வரி ஆந்தைகளைச் சுட்டுக் கொல்லும் திட்டமொன்றை அமெரிக்க அரசு 2024இல் ஏற்றது.

ஓரினத்தைக் காக்க இன்னோரினத்தைக் கொல்லலாமா? விலங்குநலம் பேணுவோர் ஆகாது என்கின்றனர். கொல்லாதுவிடின் புள்ளி ஆந்தை மறைந்துவிடும் என்கின்றனர் ஆய்வாளர். இரு சாராரும் கூறுவதில் உண்மை உண்டு. மாணவர் இவ்வழக்கைத் தமக்குள் வாதிட்டுப் பார்ப்பது நன்று. வாதத்தைத் தொடங்குமுன், அக்காட்டில் முதலிற் கோடரி ஓங்கியவன் மனிதனே என்பதை மறவாதிருப்பார்களாக.