புறநகர் அப்பாவின் மூன்று வேதங்கள்

தாம்பரம், குரோம்பேட்டை அடுக்ககங்களில் வாழும் நம் அப்பாக்களுக்கு எல்லாவற்றிலும் கருத்து உண்டு. கைபேசி பிள்ளைகளைக் கெடுக்கிறது. வளர்ப்பில் கண்டிப்பு வேண்டும். பணத்தை வங்கியில் தூங்கவிடலாகாது. தனித்தனியே கேட்டால் நியாயம்தான். சேர்த்துப் பார்க்கையில்தான் சாயம் வெளுக்கிறது.

மகனின் கைபேசி விளையாட்டைச் சூது என்று பிடுங்கிய கை, மறுநாள் காலை 9.15க்குச் சந்தை திறந்ததும் ஆப்ஷன் வாங்குகிறது. இதற்குப் பெயர் முதலீடாம். பங்குகளை வாங்கிப் பல்லாண்டு பொறுத்திருப்போரை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வு என்ன சொல்கிறது? 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில், பங்குச்சந்தையின் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் இழந்தனர். மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். ஆண்டுதோறும் இழந்தவர்களிலும் 75 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் விடவில்லை, தொடர்ந்தனர். மகன் இப்படிச் செய்தால் அதை அடிமைத்தனம் என்போம்.

'குடும்பத்துக்காகத்தானே' என்பார்கள். அப்படியெனில் அந்த நட்டக் கணக்கை இல்லத்தரசியிடம் காட்டியவர் எத்தனை பேர்?

கைபேசியைப் பூட்டுவதென்றால் முதலில் நம்முடையதைப் பூட்டுவோம். கணக்கை வீட்டார்முன் விரிப்போம். பிள்ளைக்குப் புத்தி சொல்வதை அதன்பின் பார்த்துக்கொள்ளலாம்.