பழைய தேருக்குப் பழகிய கை வேண்டும்



விடுமுறை நாள்களின் காலை வேளையில் ஜொகூர் பாருவின் கடற்கரைச் சாலையில் சில நேரங்களில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் அணிவகுத்துச் செல்வதைக் காணலாம். கூரை திறந்த எம்.ஜி., நீண்ட மூக்குடைய டட்சன், தரையோடு தரையாக ஊரும் லோட்டஸ் எனப் பல வகை. ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்போர் கேட்கும் முதல் கேள்வி, "இதன் விலை எவ்வளவு?" என்பதே. இரண்டாவது கேள்வி, "எவ்வளவு வேகம் போகும்?" என்பது. "இதை இத்தனை ஆண்டுகள் ஓடவைத்த கை யாருடையது?" என்று கேட்பவர் அரிது. கேட்கப்படாத அந்த மூன்றாவது கேள்வியைப் பற்றியதே இக்கட்டுரை.

பழைய மகிழுந்துகளை மீட்டெடுத்துப் பேணும் பொழுதுபோக்கு செல்வந்தர்களின் ஆடம்பரம் என்பது நம்மவரிடையே நிலவும் பொதுவான எண்ணம். அதில் ஓரளவு உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் அப்பொழுதுபோக்கு உண்மையில் நம்பி நிற்பது பணத்தை அன்று, கைத்திறனை. அந்தக் கைத்திறன் இன்று நம் கண்முன்னே மறைந்துகொண்டிருக்கிறது என்பதுதான் என் கவலை.

நம் மண்ணுக்கும் பந்தயத்திற்கும் உள்ள தொடர்பு

இவ்வகை வண்டிகள் நமக்கு அந்நியமானவை அல்ல. 1960-களில் ஜொகூர் பாருவின் பொதுச் சாலைகளிலேயே ஜொகூர் கிராண்ட் பிரி பந்தயம் நடந்திருக்கிறது. கடற்பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூரின் தோம்சன் சாலையில் 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரி நடைபெற்றது. அங்கு நடந்த முதல் போட்டியில் வென்றது ஓர் அஸ்டன் மார்ட்டின் டிபி3எஸ். பின்னர் 1968-இல் பத்து தீகா ஓடுதளமும், 1986-இல் நம் மாநிலத்தின் பாசிர் கூடாங் ஓடுதளமும் வந்தன.

பந்தயத்தில் ஓட்டியவர்களின் பெயர்களை நாளேடுகள் அச்சிட்டன. வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தவர்களின் பெயர்களை யாரும் அச்சிடவில்லை. தோட்டத்துத் துரைமார் ஓட்டிய வண்டிகளையும், தோட்டத்து லாரிகளையும், ரப்பர் ஆலையின் இயந்திரங்களையும் ஓடவைத்த கைகளுள் நம்மவர் கைகளும் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபோது, அக்கைகளில் சில சாலையோரப் பட்டறைகளைத் திறந்தன. நம் தாத்தாக்களுள் சிலருக்கு அதுவே பல்கலைக்கழகம்.

மீட்டெடுத்தல் வேறு, பேணல் வேறு

இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவோர் பலர். மீட்டெடுத்தல் என்பது துருப்பிடித்துக் கிடக்கும் வண்டியை முழுதாகப் பிரித்து, கெட்டதை மாற்றி, மீண்டும் பூட்டுவது. அதற்கு ஒரு தொடக்கமும் முடிவும் உண்டு. வண்ணம் பூசி முடித்த நாளில் படம் எடுத்துக்கொள்ளலாம். பேணலுக்கோ முடிவே இல்லை, பாராட்டும் இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் 5 லட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்ட எம்.ஜி.பி. வண்டியை எடுத்துக்கொள்வோம். அதற்குத் தனியாக அடிச்சட்டம் கிடையாது, உடலே எலும்புக்கூடு. கதவுக்குக் கீழே ஓடும் தகட்டுப் பெட்டிதான் வண்டியின் முதுகெலும்பு. ஆண்டு முழுதும் மழையும் கடற்காற்றும் உள்ள நம் ஊரில் முதலில் அரிக்கப்படுவது அதுவே. துருவை வெட்டி எடுக்கும்போது உடலுக்கு முறையாக முட்டுக் கொடுக்காவிட்டால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். புதுத் தகட்டை எவ்வளவு அழகாகப் பற்றவைத்தாலும் அப்புறம் கதவு சாத்தாது.

இது மீட்டெடுத்தலில் வரும் சிக்கல். பேணலில் வருபவை சிறியவை, ஆனால் ஓயாதவை. அவ்வண்டியின் எஸ்.யூ. கார்புரேட்டரின் தலையில் ஒரு சிறு குழாய் உண்டு. அதில் சிறிதளவு எண்ணெய் இருக்க வேண்டும். அது வற்றினால் முடுக்கும் ஒவ்வொரு முறையும் வண்டி திணறும். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். 1967-க்கு முந்திய எம்.ஜி.பி.யில் மின்கலத்தின் நேர்முனைதான் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இக்கால வழக்கத்திற்கு நேர்மாறு. அறியாமல் மாற்றி இணைத்தால் கருவிகள் பழுதாகும்.

எரிபொருளிலும் ஒரு பாடம் உண்டு. அக்காலப் பெட்ரோலில் கலந்திருந்த ஈயம், மென்மையான வால்வு இருக்கைகளுக்கு ஒரு காப்பாகவும் அமைந்தது. ஈயம் நஞ்சு என்பதால் நாடுகள் ஒவ்வொன்றாக அதைக் கைவிட்டன. 2021-இல் அல்ஜீரியாவும் நிறுத்தியதோடு சாலை வாகனங்களுக்கான ஈயப் பெட்ரோல் உலகிலிருந்தே ஒழிந்தது. மனித குலத்திற்கு அது நன்மை. ஆனால் பழைய வண்டியை வைத்திருப்பவர் கடினமான வால்வு இருக்கைகளைப் பொருத்த வேண்டும். அல்லது மாற்றுச் சேர்க்கையைக் கலக்க வேண்டும். பழையதைப் பேணுவதென்றால் உலகம் மாறும்போது அதற்கு வழிகாட்டிக் கூடவே நடப்பதாகும்.

தேர் சொல்லும் பாடம்

"எல்லாவற்றையும் மாற்றிய பின் அது பழைய வண்டிதானா?" என்று சிலர் கேட்பர். 1988-இல் இங்கிலாந்தில் எம்.ஜி.பி.யின் முழு உடலையே பழைய அச்சுகளைக் கொண்டு புதிதாகச் செய்து விற்கத் தொடங்கினர். அப்போது இக்கேள்வி பலமாகவே எழுந்திருக்கும்.

தமிழருக்கு இக்கேள்வி புதிதன்று. திருவாரூர் ஆழித்தேர் 1926-இல் தீக்கிரையானது. மீண்டும் செய்யப்பட்டு 1930-இல் ஓடியது. 1948-க்குப் பின் நின்றுபோய், 1970-இல் மறுபடியும் ஓடியது. இன்று அதற்கு இரும்புச் சக்கரமும் உண்டு. ஹைட்ராலிக் பிரேக்கும் உண்டு. இருப்பினும் அதை வேறு தேர் என்று எவரும் சொல்வதில்லை. அதைச் செய்யத் தெரிந்த தச்சரும், முட்டுக்கட்டை போடத் தெரிந்தவரும், வடம் பிடிக்கும் ஊரும் இருக்கும்வரை அது அதே தேர்தான். நிலையிலேயே நின்ற ஆண்டுகளில்தான் அது தேராக இல்லாமல் இருந்தது.

1966-இல் உருவான பழைய வாகனங்களுக்கான அனைத்துலகக் கூட்டமைப்பு, 2013-இல் ஏற்றுக்கொண்ட தூரின் சாசனத்தில் ஏறக்குறைய இதையே வலியுறுத்துகிறது: பழைய வாகனம் ஓட வேண்டும், இயன்றவரை பேண வேண்டும், தேவைக்கு மேல் மாற்றக் கூடாது, வாகனத்தோடு அதைச் சார்ந்த தொழில் அறிவையும் காக்க வேண்டும். இவற்றுள் கடைசிக் கருத்தே என் நோக்கில் தலையாயது.

அக்கரையும் இக்கரையும்

ஜொகூர் மக்களாகிய நமக்கு இதைச் சிந்திக்க ஒரு தனிக் காரணம் உண்டு. நீரிணைக்கு அப்பால் 1990 முதல் மகிழுந்து உரிமைச் சான்றிதழ் முறை நடப்பில் உள்ளது. அதன் காலம் பத்தாண்டு. அதன்பின் பெருந்தொகை செலுத்திப் புதுப்பிக்க வேண்டும். இல்லையேல் வண்டி சாலையை விட்டு விலக வேண்டும். இட நெருக்கடியுள்ள நாட்டிற்கு அது தேவையாக இருக்கலாம். அங்கும் 35 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கு ஒரு தனித் திட்டம் உண்டு. ஆண்டுக்கு 45 நாள் அவை சாலையில் ஓடலாம்.

இங்கே நிலைமை வேறு. 2009-ஆம் ஆண்டின் இறுதியில், 15 ஆண்டுகளைக் கடந்த வாகனங்கள் கட்டாயப் பரிசோதனைக்கு உட்பட வேண்டும் என்ற அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு எழவே விரைவில் கைவிடப்பட்டது. பழைய வண்டியை நம்பி வாழும் எளியோர் இந்நாட்டில் ஏராளம் என்பதையே அது காட்டியது. அவர்களுடைய வண்டியையும் சேகரிப்பாளரின் வண்டியையும் ஓடவைப்பது ஒரே பட்டறைதான். அப்பட்டறை மூடப்பட்டால் இருவருமே நடக்க வேண்டியதுதான்.

பட்டறையில் இருக்கும் நூலகம்

இரட்டைக் கார்புரேட்டரைச் சமன்செய்யும் முதிய மெக்கானிக் ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். ஒரு ரப்பர்க் குழாய்தான் அவருடைய கருவி. ஒரு முனையைக் காற்று புகும் வாயிலும், மறுமுனையைத் தம் காதிலும் வைத்துக் கேட்பார். இரண்டிலும் ஒரே சீற்றம் கேட்கும்வரை திருகுவார். "புத்தகத்துல இருக்கு தம்பி, ஆனா காதுக்குப் புத்தகம் இல்ல," என்றார். அவருக்கு எழுபது வயதைக் கடந்துவிட்டது. அவரிடம் கற்க யாரும் வரவில்லை.

காரணம் நாம் அறிந்ததே. "படிக்காவிட்டால் பட்டறைக்குத்தான் போக வேண்டும்" என்று பிள்ளைகளை அச்சுறுத்துகிறோம். யூபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது. அந்த அச்சுறுத்தல் மட்டும் நீங்கவில்லை. தாத்தாவின் தொழிலைத் தண்டனையாகக் காட்டி வளர்த்த பிள்ளை, அதைக் கற்க எப்படி முன்வரும்?

கோயம்புத்தூரைப் பாருங்கள். உணவகத்தில் பரிமாறிச் சேர்த்த பணத்தில் ஒரு பழைய ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, பிரித்துப் பூட்டி இயந்திரம் கற்றவர் ஜி.டி. நாயுடு. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கி, பின்னாளில் பெரும் தொழிலதிபர் ஆனார். அவர் பெயர் தாங்கிய மகிழுந்து அருங்காட்சியகம் இன்று அந்நகரில் உள்ளது. அதே நகரின் கரிவரதன், 1980-களின் இறுதியில் எளிய மாருதி 800 இன்ஜினைக் கொண்டு ஃபார்முலா மாருதி பந்தய வண்டிகளை உள்ளூரிலேயே உருவாக்கினார். அவ்வண்டியில் பந்தய வாழ்வைத் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா 1 களம் கண்ட முதல் இந்தியரானார். பட்டறைக் கையை இழிவாகக் கருதாத ஊரில்தான் இவையெல்லாம் நடக்கும்.

எதிர்வாதங்கள்

பிள்ளைகளின் கல்விக்கும் வீட்டுக் கடனுக்கும் செல்ல வேண்டிய பணம் இரும்பில் கரையலாமா? கரையக் கூடாது. குடும்பத்தை வாட்டி வளர்க்கும் பொழுதுபோக்கு எதுவாயினும் அது நோயே. பழைய வண்டி புகை கக்காதா? கக்கும். ஆனால் மாதம் ஓரிரு முறை சில மைல் ஓடும் வண்டியை, நாள்தோறும் கடற்பாலத்தில் மணிக்கணக்கில் நெரிசலில் நிற்கும் வண்டிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பாதுகாப்பு? காற்றுப்பையும் இல்லை, நவீன பிரேக்கும் இல்லை. ஆகவே வேகம் காட்டுவதற்கன்று அந்த வண்டி. இவற்றை ஏற்றுக்கொண்டு இப்பொழுதுபோக்கில் ஈடுபடுவதே அறிவுடைமை.

நாம் செய்யக் கூடியவை

1. தமிழ்ப்பள்ளிகளில் நான்காம் ஆண்டு முதல் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்னும் பாடம் உள்ளது. ஆசிரியப் பெருமக்களே, ஆண்டுக்கு ஒருமுறையேனும் வட்டாரத்து மெக்கானிக் ஒருவரை வகுப்பறைக்கு அழையுங்கள். மருத்துவரை அழைக்கும் அதே மரியாதையோடு, மாலை அணிவித்து அழையுங்கள். பழைய கார்புரேட்டர் ஒன்றை மாணவர் கையால் பிரித்துப் பூட்டட்டும்.

2. திறன் மேம்பாட்டுத் துறையில் முன்னனுபவத்தை அங்கீகரித்து மலேசியத் திறன் சான்றிதழ் வழங்கும் முறை உண்டு. வகுப்பறையில் அமராமலே, பட்டறையில் பெற்ற அனுபவத்திற்கான சான்றுகளைக் காட்டி விண்ணப்பிக்கலாம். நம் மூத்த தொழிலாளர்களுக்கும் அவர்களிடம் வேலை செய்யும் இளைஞர்களுக்கும் இதனை எடுத்துச் சொல்லி, படிவம் நிரப்பிக் கொடுப்பது படித்தவர்களின் கடமை.

3. பாசிர் கூடாங் தொழிற்பயிற்சிக் கழகம் போன்றவை நம் மாநிலத்திலேயே உள்ளன. ஐந்தாம் படிவத்துக்குப் பின் திசை தெரியாமல் நிற்கும் பிள்ளைக்கு அது இறுதிப் புகலிடம் அன்று. நல்லதொரு முதல் வாசல்.

4. பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்களே, வேலை நடக்கும்போது ஓர் இளைஞனை அருகில் நிறுத்துங்கள். மெக்கானிக் செய்வதையும் சொல்வதையும் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். அவர் தமிழில் சொன்னால் தமிழிலேயே இருக்கட்டும்.

உதிரிப்பாகத்தை இங்கிலாந்திலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வரவழைத்துவிடலாம். பணம் இருந்தால் முழு உடலையே வாங்கலாம். எழுபது வயதுக் காதை எங்கிருந்தும் வரவழைக்க முடியாது. அதை உடையவர் உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார். அடுத்த முறை அவருடைய பட்டறைக்குச் செல்லும்போது, விலையைக் கேட்பதற்கு முன் அவர் யாரிடம் கற்றார் என்று கேளுங்கள். யாருக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறார் என்றும் கேளுங்கள். இரண்டாம் கேள்விக்கு விடை இல்லையென்றால், உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ ஒரு பிள்ளை இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

சிந்திப்போம், செயல்படுவோம்.