நின்றவர்களும் போனவர்களும்

ஒவ்வோர் ஆண்டும் புதிய செயலவை பொறுப்பேற்றவுடன் முன்னாள் தலைவர் ஒருவரை அழைத்துத் 'தலைமைத்துவமும் கட்டொழுங்கும்' என்ற தலைப்பில் பேசச் சொல்வது நம் கழகத்தின் வழக்கம். நானும் இரண்டு முறை வந்து பேசியிருக்கிறேன். இரண்டு முறையும் ஒரே கதையைத்தான் சொன்னேன். இரண்டு முறையும் நல்ல கைத்தட்டல் கிடைத்தது. அந்தக் கதையை நான் பாதியில் நிறுத்திவிட்டேன் என்பதை இப்பொழுது சொல்லியாக வேண்டும். ஆண்டு மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டது நல்லதாயிற்று.

கதை அமெரிக்காவில் நடந்தது. 2006-ஆம் ஆண்டின் கடைசித் தவணையை மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கழித்தேன். ஆன் ஆர்பர் என்ற ஊர். அங்கே காற்பந்து என்றால் நாம் மாலையில் திடலில் ஆடுவது அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவார்கள். தலைக்கவசம் அணிந்து ஒருவர்மீது ஒருவர் மோதுவார்கள். மாணவர் அணிதான், ஆனால் பார்க்க வருவோர் ஒரு லட்சத்துக்கும் மேல். நம் புக்கிட் ஜாலில் அரங்கம் நிரம்பி வழிந்தாலும் அந்த எண்ணிக்கை வராது. அங்குப் பயிற்றுநருக்குத் துணைவேந்தரைவிட மதிப்பு அதிகம் என்று என் அறைத்தோழன் சொன்னபோது கேலி பேசுகிறான் என்றே நினைத்தேன்.

நவம்பர் 17-ஆம் தேதி அது கேலி இல்லை என்று புரிந்தது. அன்று வெள்ளிக்கிழமை. மறுநாள், நாட்டில் முதல் நிலையில் இருந்த ஒஹாயோ ஸ்டேட் அணியும் இரண்டாம் நிலையில் இருந்த மிச்சிகனும் மோதவிருந்தன. மிச்சிகனின் முன்னாள் பயிற்றுநர் போ ஷெம்பெக்லர் இறந்துவிட்டார் என்ற செய்தி அன்று வந்தது. விடுதி உணவுக்கூடத்தில் யாரும் உரக்கப் பேசவில்லை. மறுநாள் ஆட்டத்தில் 42-39 என்று மிச்சிகன் தோற்றது. அதைப் பற்றிக்கூட அதிகம் பேசவில்லை. அந்த இரண்டு நாளில் அறைத்தோழன் 1969-ஆம் ஆண்டின் கதையை எனக்குச் சொல்லி முடித்தான். அவன் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் நடந்த கதை. நம் ஊரில் தாத்தா சொன்ன தோட்டக் கதையை நாம் சொல்வதுபோல் சொன்னான்.

1968-இல் மிச்சிகன் மோசமான அணியாக இருக்கவில்லை. பத்து ஆட்டத்தில் எட்டு வெற்றி. பயிற்றுநர் பம்ப் எலியட் பண்பாளர், எல்லாருக்கும் பிடித்தவர். ஆனால் கடைசி ஆட்டத்தில் ஒஹாயோ ஸ்டேட்டிடம் 50-14 என்று அடி வாங்கினார்கள். அந்த ஆண்டு இறுதியில் விளையாட்டுத் துறைத் தலைவர் டான் கேனம், ஒஹாயோ மாநிலத்தில் உள்ள மியாமி பல்கலைக்கழகத்திலிருந்து 39 வயது ஷெம்பெக்லரைக் கொண்டுவந்தார். (மியாமி என்றதும் கடற்கரை நினைவுக்கு வரும், இது அந்த மியாமி இல்லை.) வெளியூரில் பெயர் தெரியாத ஆள். வந்தவர் குளிர்காலத்திலேயே பயிற்சியைத் தொடங்கினார். ஓட்டம், மல்யுத்தம், திரும்ப ஓட்டம். தாங்க முடியாமல் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். அவர் அசையவில்லை. உடைமாற்றும் அறையில் ஓர் அறிவிப்புப் பலகையை மாட்டினார். நிற்பவர்கள் வெற்றிவீரர்கள் ஆவார்கள் என்பது அதன் பொருள்.

விலகிப்போன ஒருவர் அதன் கீழே ஒரு வரி சேர்த்தார் என்பார்கள். போகிறவர்கள் மருத்துவர்களாகவும் வழக்கறிஞர்களாகவும் பெரும் தொழிலதிபர்களாகவும் ஆவார்கள் என்று. என் அறைத்தோழன் இதைச் சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன். அந்த வரியை எழுதியவனைப் பற்றி நாங்கள் இருவரும் அதற்குமேல் யோசிக்கவில்லை.

இன்னொன்றும் சொன்னான். புதிய துணைப் பயிற்றுநர்களுக்குக் கிடைத்த அறையில் அலமாரி இல்லை. துரு ஏறிய நாற்காலியும் சுவரில் அடித்த ஆணியும்தான். அவர்கள் முணுமுணுத்தார்களாம். இந்த ஆணியில்தான் நம் அணியின் பழைய மேதை ஃபீல்டிங் யோஸ்ட் தன் தொப்பியை மாட்டினார், பிறகென்ன குறை என்று ஷெம்பெக்லர் அடக்கிவிட்டார். யோஸ்ட் உண்மையில் அந்த ஆணியில் மாட்டினாரா என்பது யாருக்கும் முக்கியமில்லை.

1969 அக்டோபரில் மிச்சிகன் ஸ்டேட்டிடம் 23-12 என்று தோற்றார்கள். அதற்குப் பிறகு ஒஹாயோ ஸ்டேட் ஆட்டம்வரை தோற்கவில்லை. ஒஹாயோ ஸ்டேட்டைச் சந்திக்கும் வாரத்தில், பயிற்சியில் எதிரணியாக நின்றவர்களின் சட்டையில் எல்லாம் 50 என்ற எண்ணைப் போடச் செய்தார். போன ஆண்டு வாங்கிய அடியை மறக்கக் கூடாதல்லவா! நவம்பர் 22 அன்று, தொடர்ந்து 22 ஆட்டங்களில் வென்றுவந்த ஒஹாயோ ஸ்டேட்டை 24-12 என்று வீழ்த்தினார்கள். அந்த அணியின் பயிற்றுநர் வூடி ஹேய்ஸ்தான் ஷெம்பெக்லரின் சொந்த குரு. வெற்றிப் பந்தை யாருக்குக் கொடுத்தார்கள் தெரியுமா? பதவியிலிருந்து இறங்கிய பம்ப் எலியட்டுக்கு. களத்தில் ஆடியவர்களில் பலர் அவர் சேர்த்த பிள்ளைகள்.

இதைக் கேட்டுவிட்டுத்தான் நான் நாடு திரும்பினேன். 2007-இல் கழகத் தலைவரானேன்.

எனக்கு முந்திய தலைவர் எல்லாரோடும் சிரித்துப் பழகியவர். கூட்டம் எட்டு மணிக்கு என்றால் எட்டே முக்காலுக்குத் தொடங்கும். நான் முதல் வாரமே விதிகளை அச்சடித்தேன். ஐந்து நிமிடம் தாமதித்தால் பெயரின் எதிரே சிவப்புக் கோடு. மூன்று கோடு விழுந்தால் பொறுப்பு பறிக்கப்படும். 'நிற்பவர்களே வெல்வார்கள்' என்று பெரிய எழுத்தில் எழுதிச் செயலவை அறைக் கதவில் ஒட்டினேன். அது யார் சொன்னது என்று எவருக்கும் சொல்லவில்லை. என் சொந்தச் சரக்கு என்றே நினைத்தார்கள். மூன்று மாதத்தில் செயலவையில் பாதிப்பேர் இல்லை. எஞ்சியவர்களைக் கொண்டே கலை இரவை நடத்தினோம். மண்டபம் நிறைந்தது. பலர் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். அதைத்தான் இரண்டு முறை உங்கள் முன் நின்று பெருமையோடு சொன்னேன்.

போனவர்களில் ஒருவர் இரண்டாம் ஆண்டு மாணவி. மேடை அலங்காரம் அவர் பொறுப்பு. அவர் வரைந்த திரைச்சீலையை அந்தக் கலை இரவில் பயன்படுத்திக்கொண்டோம். நிகழ்ச்சி மலரில் அவர் பெயர் இல்லை. மூன்று கோடு விழுந்தவர் பெயரைப் போடக் கூடாது என்று நான்தான் சொன்னேன். சில ஆண்டுகளுக்கு முன் மாமாக் கடையில் தற்செயலாக அவரைப் பார்த்தேன். தே தாரிக் ஆறும்வரை எதையெதையோ பேசினோம். பிறகு, அந்த ஆண்டு அவர் தந்தை பக்கவாதத்தில் படுத்திருந்ததையும், மாலையில் ஒரு கடையில் வேலை பார்த்துவிட்டுக் கடைசிப் பேருந்தைப் பிடித்து வந்ததையும் சாதாரணமாகச் சொன்னார். "ஏன்மா என்னிடம் சொல்லவில்லை?" என்றேன். "துணைத் தலைவர்கிட்ட சொன்னேனே அண்ணா" என்றார்.

துணைத் தலைவரை அன்றிரவே தொலைபேசியில் அழைத்தேன். அவன் மறுக்கவில்லை. "உன்னிடம் சொன்னால் சாக்கு என்பாய். என் பெயருக்கும் ஒரு கோடு விழும் என்று பயந்தேன்" என்றான். நெருங்கிய நண்பன். மூன்றாண்டு ஒரே அறையில் இருந்தவன்.

அந்தச் சந்திப்புக்குப் பிறகே 2021-ஆம் ஆண்டின் செய்திகளைப் பொறுமையாகப் படித்தேன். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 2003 வரை பணியாற்றி 2008-இல் இறந்த ராபர்ட் ஆண்டர்சன் என்ற மருத்துவர், சிகிச்சை என்ற பெயரில் ஏராளமான மாணவர்களைப் பாலியல் தொல்லைக்கு உள்ளாக்கினார். அவர்களில் காற்பந்து ஆட்டக்காரர்களும் உண்டு. ஷெம்பெக்லரிடமே முறையிட்டோம், எதுவும் நடக்கவில்லை என்று முன்னாள் ஆட்டக்காரர்கள் கூறினார்கள். அவருடைய வளர்ப்பு மகன் 2021 ஜூனில் செய்தியாளர்களைச் சந்தித்தார். தனக்குப் பத்து வயதில் அந்த மருத்துவரால் நேர்ந்ததைத் தந்தையிடம் சொன்னதாகவும், தந்தை தன்னையே அடித்ததாகவும் சொன்னார். அவர் குறிப்பிட்ட ஆண்டு 1969. குடும்பத்தின் மற்றவர்கள் இதை மறுத்தார்கள். தெரிந்திருந்தால் அவர் சும்மா இருந்திருக்க மாட்டார் என்றார்கள். இறந்தவர் எழுந்து வந்து பதில் சொல்லப்போவதில்லை. ஆனால் 2022 ஜனவரியில் பல்கலைக்கழகம் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு 49 கோடி டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது.

என் கோடுகளையும் அந்தக் கொடுமையையும் ஒரே தராசில் வைப்பதாக யாரும் எண்ண வேண்டாம். நான் பார்ப்பது ஒன்றை மட்டுமே. தாங்கிக்கொள்வதே வீரம் என்று சுவரில் எழுதிவிட்ட இடத்தில், தாங்க முடியவில்லை என்று சொல்பவனின் பேச்சு எப்படிக் காதில் விழும்? பெரியாரைத் துணைக்கோடல் அதிகாரத்தில் வள்ளுவர், இடித்துச் சொல்வார் இல்லாத அரசன் பகைவர் இல்லாமலே கெடுவான் என்கிறார். இதை மேடையில் நாம் எத்தனை முறை சொல்லியிருப்போம்! இடித்துச் சொல்ல வருபவனுக்கும் சிவப்புக் கோடு போட்டால் அவன் எப்படி வருவான் என்று நான் யோசித்ததில்லை.

அதனால் கட்டொழுங்கே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். எட்டு மணிக் கூட்டம் எட்டு மணிக்குத் தொடங்க வேண்டும். அதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. தாமதமாக வருவதை நம் இனத்தின் பண்பாடு என்று சொல்லிச் சிரிப்பவர்களைக் கண்டால் இன்றும் எரிச்சல் வருகிறது. 1969-இல் அந்த அணி வென்றதும் பொய்யன்று. ஆனால் தலைவனுக்கு யார் கோடு போடுவது? வூடி ஹேய்ஸ் ஒஹாயோ ஸ்டேட்டில் 28 ஆண்டுகள் இளைஞர்களை அடக்கி ஆண்டவர். 1978 டிசம்பரில், ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே எதிரணி மாணவன் ஒருவனைக் கையால் குத்தினார். மறுநாள் வேலை போயிற்று. இதையும் என் அறைத்தோழன் சொல்லியிருந்தான். எனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தவன் நான்தான்.

எனக்கு முந்திய தலைவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கலை இரவு நடந்த மண்டபத்தை ஓராண்டுக்கு முன்பே முன்பதிவு செய்தவர் அவர். நின்று உழைத்தவர்களில் பெரும்பாலோர் அவர் சேர்த்தவர்கள். அன்று அவர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நன்றியுரையில் அவரைக் குறிப்பிட எனக்குத் தோன்றவில்லை. பந்து பம்ப் எலியட்டுக்குப் போனதை மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருந்தவனுக்கு அது தோன்றவில்லை!

புதிய செயலவைக்கு என் வேண்டுகோள் இதுதான். யாராவது விலகினால் தலைவர் நேரில் போய்க் காரணம் கேட்கட்டும். செயலாளரை அனுப்ப வேண்டாம். கேட்டதைக் குறிப்பேட்டில் எழுதி, அடுத்த செயலவையிடம் ஒப்படையுங்கள். பொறுப்பில் பாதியில் விட்டவரானாலும், செய்த வேலைக்கு உரிய பெயரை மலரில் போடுங்கள். தலைவர் தாமதித்தால் கோடு போடும் உரிமையை முதலாமாண்டு மாணவர் ஒருவரிடம் கொடுங்கள்.

இவ்வாண்டும் என்னைப் பேச அழைத்திருக்கிறீர்கள். வருகிறேன். ஆனால் திரைச்சீலை வரைந்த அந்தத் தங்கையையும் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார். அவர் வந்தால் முதலில் அவரே பேசட்டும்.