செந்துறைக் கல்லும் சாளக்கிராமக் கல்லும்

நமது நாட்டில் கல்லுக்கு இருக்கிற மரியாதை மனிதனுக்கு இல்லை என்று நாம் வெகு நாளாகச் சொல்லி வருகிறோம். இப்பொழுது அதில் ஒரு சிறு திருத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. எல்லாக் கல்லுக்கும் இங்கு மரியாதை இல்லை. பொய் சொல்லுகிற கல்லுக்குத்தான் பாலும் பட்டும் படையலும். உண்மை சொல்லுகிற கல்லுக்குக் கிடைப்பது சம்மட்டி அடியும் சூளை நெருப்புமேயாகும். இது வெறும் வாய்ப்பேச்சல்ல என்பதை அரியலூர், பெரம்பலூர் ஜில்லாக்களில் நடந்துவரும் சங்கதிகளைக் கொண்டே காட்டுகிறோம்.

2009-ம் வருஷத்தில் சேலம் பெரியார் சர்வகலாசாலையின் மண்ணியல் ஆராய்ச்சியாளர்கள் செந்துறைப் பக்கத்தில், மண்ணுக்குள் கூட்டங்கூட்டமாகப் புதைந்து கிடந்த உருண்டைகளைக் கண்டு, அவை 6 கோடி ஆண்டுகளுக்கும் முன் வாழ்ந்து மாண்ட டைனோசர் என்னும் பெரும் பிராணிகளின் முட்டைகள் என்று வெளியிட்டார்கள். இந்தச் செய்தி உலகமெல்லாம் பரவிற்று. எங்கோ ஒரு மூலையில் கிடந்த செந்துறையின் பெயரை அயல்தேசத்தாரெல்லாம் உச்சரித்தார்கள். ஆனால் செந்துறைவாசி ஒருவரைக் கூப்பிட்டு, "ஐயா, உங்கள் ஊரில் கிடைத்தது என்ன? அது எப்படிக் கல்லாயிற்று?" என்று கேட்டால் பதில் சொல்லும்படியாக நாம் செய்து வைத்தோமா? இல்லை. மார்கழி மாதத்தில் எந்த வேளைக்கு எந்தப் பூஜை என்பது குழந்தைக்கும் தெரியும். காலடியில் கிடக்கிற கல்லின் கதை தாத்தாவுக்கும் தெரியாது.

அந்தக் கதைதான் என்ன? இன்று கம்பும் சோளமும் முந்திரியும் விளைகிற இந்தப் பூமி ஒரு காலத்தில் கடலாக இருந்தது. ஏறக்குறைய 11 கோடி ஆண்டு முதல் 6 கோடி ஆண்டு வரையில் கடல் இங்கு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்து, தன் சேற்றையும் மணலையும் படிய விட்டது. அந்தப் படிவில் சிப்பியும் நத்தையும், சுறாவின் பல்லும், கணவாய்க்கு உறவான பிராணிகளின் ஓடும் புதைந்து கல்லாயின. காரைப் பக்கத்துக் கட்டாந்தரையில் இவற்றைக் குனிந்து பொறுக்கலாம். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக் கல்லில் சிப்பிகள் அடுக்கி வைத்தாற்போல் இருக்கின்றன. சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளமுள்ள ஒரு மரமே கல்லாய்க் கிடக்கிறது. கரையிலிருந்த மரம் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போய்க் கடற்சேற்றில் புதைந்து, அதன் நார் ஒவ்வொன்றிலும் மணற்சத்து ஊறி இறுகிக் கல்லாயிற்று. எந்த முனிவரும் அதைச் சபிக்கவில்லை. எந்த அவதாரத்தின் காலும் பட்டு அது மறுபடியும் மரமாகப் போவதுமில்லை. இந்திய மண்ணியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் 1940-ல் அதை எடுத்துக் காட்டினார். சர்க்கார் வேலி போட்டு அதைக் காத்து வருகிறது. அரியலூருக்குப் பக்கத்தில் வாரணவாசியில் இப்படிப்பட்ட கல்லுயிர்களுக்கென்றே ஒரு பொருட்காட்சிசாலையும் இருக்கிறது. நடந்த நல்ல காரியத்தை நல்ல காரியம் என்று சொல்ல நாம் பின்வாங்குகிறவர்களல்ல. ஆனால் இது போதுமா என்பதே நமது கேள்வி.

இனி விஷயத்திற்கு வருவோம். அரியலூர் மண்ணில் நத்தையைப் போலச் சுருண்ட ஓடுகள் கல்லாகிக் கிடைக்கின்றன. அம்மோனைட்டு என்று சயன்சுக்காரர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். இதே இனத்துப் பிராணியின் ஓடு நேபாள தேசத்துக் கண்டகி நதியிலும் கருங்கல்லுக்குள் பதிந்து கிடைக்கிறது. அதற்கு அங்கு என்ன பெயர் தெரியுமா? சாளக்கிராமம்! சாக்ஷாத் மகாவிஷ்ணு! உள்ளே தெரிகிற சுருள் விஷ்ணுவின் சக்கரமாம். வஜ்ரகீடம் என்ற புழு குடைந்ததாம். இதைப் பாலில் குளிப்பாட்டித் தீர்த்தம் என்று குடிக்கிறார்கள். பெண்களும் சூத்திரர்களும் தொடக்கூடாது என்று சாஸ்திரம் எழுதிவைத்தவர்களும் உண்டு. தோழர்களே, சற்று யோசித்துப் பாருங்கள். கடற்சேற்றில் செத்துப் புதைந்த ஒரு பூச்சியின் ஓட்டைத் தொட, மனிதனாய்ப் பிறந்தவனுக்கு யோக்கியதை இல்லையாம்! அந்தப் பிராணி உயிரோடிருந்த காலத்தில் அதை விழுங்கின மீனுக்கு இருந்த யோக்கியதைகூட நமது தாய்மார்களுக்கு இல்லை என்றால், இதைவிட மனித ஜாதிக்கு வேறு அவமானம் என்ன வேண்டும்?

ஆக, அதே ஓடு கண்டகியில் கடவுளாயிற்று. அரியலூரில் என்னவாயிற்று? சிமெண்டாயிற்று. சுண்ணாம்புக் கல்லைத் தோண்டி 1,400 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் வேகவைத்து மூட்டை கட்டுகிறோம். அங்கே பூஜை, இங்கே சூளை. இரண்டு இடத்திலும் அது பாடமாக மட்டும் ஆகவில்லை. நமது வழக்கு இவ்வளவுதான்.

மத்தியப் பிரதேசத்துத் தார் ஜில்லாவில் பட்லியா என்ற கிராமத்தில் நடந்ததைக் கேளுங்கள். அங்குள்ள குடியானவர்கள் உருண்டைக் கற்களைக் "காக்கர் பைரவர்" என்று பெயரிட்டு, வயலையும் மாட்டையும் காக்கிற குலதெய்வமாகத் தலைமுறை தலைமுறையாய்க் கும்பிட்டு வந்தார்கள். லக்னோவிலுள்ள பீர்பால் சாஹ்னி ஸ்தாபனத்து நிபுணர்கள் வந்து பார்த்து, அவை டைனோசர் முட்டைகள் என்று சொன்னது 2023-ல் பத்திரிகைகளில் வெளிவந்தது. தன் முட்டையைக் குஞ்சு பொரிக்கும்வரை காப்பாற்ற முடியாத பிராணியின் முட்டை, ஊரார் மாட்டைக் காப்பாற்றுமா என்று கேட்க அத்தனை தலைமுறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தக் குடியானவர்களை நாம் பரிகாசம் செய்யவில்லை. அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியவர்கள் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதுதான் குற்றம்.

அதற்காக, யார் எதை முட்டை என்றாலும் நாம் நம்பிவிட வேண்டும் என்பதல்ல. 2020-ல் பெரம்பலூர் ஜில்லா குன்னத்தில் தூர் வாரிய இடத்தில் பெரிய உருண்டைகள் கிடைத்தன. உடனே "டைனோசர் முட்டை, டைனோசர் முட்டை" என்று கைப்பேசி மூலமாக நாடெல்லாம் புரளி கிளம்பிற்று. மண்ணியல் தெரிந்தவர்கள் போய்ப் பார்த்து, அவை முட்டையல்ல, அம்மோனைட்டைச் சுற்றி மண் இறுகி உருண்ட கற்களே என்று சொல்லிவிட்டார்கள். புராணத்திற்கும் சயன்சுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். சயன்சு தன் ஆட்கள் சொன்னதையும் உடைத்துப் பார்க்கும். தப்பென்றால் தப்பென்று சொல்லும். செந்துறை முட்டைகளையும் எத்தனை தடவை வேண்டுமானாலும் சோதிக்கட்டும். சோதனைக்குப் பயப்படுகிற உண்மை உண்மையேயல்ல. சாளக்கிராமத்தை உடைத்து உள்ளே விஷ்ணு இருக்கிறாரா என்று பார்க்க எந்த மடாதிபதியாவது சம்மதிப்பாரா?

இவ்விடத்தில் சில படித்த வைதீகர்கள் குறுக்கிட்டு, "எங்கள் தசாவதாரமே டார்வின் தத்துவந்தான், மீன், ஆமை, பன்றி, பிறகு மனிதன் என்று நாங்கள் முன்பே சொல்லிவிட்டோம்" என்று பெருமையடித்துக் கொள்ளுகிறார்கள். டார்வின் 1859-ல் புத்தகம் எழுதுவதற்கு முன்னால் ஏன் ஒரு சாஸ்திரியாவது இந்த அர்த்தத்தைச் சொல்லவில்லை? மீன் அவதாரத்தில் மனு என்கிற மனிதன் ஓடத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறானே, மீனிலிருந்து மனிதன் வந்தான் என்றால் இவன் எங்கிருந்து வந்தான்? பாதி சிங்கம் பாதி மனிதன் எந்தப் பாறையில் கிடைத்தது? கோடிக்கணக்கான ஆண்டு பூமியை ஆண்ட டைனோசருக்கு உங்கள் பத்தில் ஓர் இடங்கூட இல்லாமற் போனதேன்? தெரியாததால்தானே!

"எங்கள் யுகக் கணக்கும் லக்ஷக் கணக்குத்தான்" என்று இன்னொருவர் சொல்லுவார். நல்லது, கணக்கே போட்டுப் பார்ப்போம். துவாபர யுகம் 8,64,000 வருஷம். கலியில் கழிந்தது 5,100-க்குச் சற்று மேல். ஆகவே திரேதாயுகம் முடிந்தே 8 லக்ஷத்து 69 ஆயிரம் வருஷத்திற்கு மேலாகிறது. மொராக்கோ தேசத்தில் அகப்பட்ட, நமது இனத்து மனிதனின் மிகப் பழைய எலும்புகளுக்கு வயது சுமார் 3 லக்ஷம். மனிதனே தலைகாட்டாத காலத்தில் மாளிகை கட்டிப் பட்டாபிஷேகமும் செய்து கொண்டவர்கள் யார்? இது இந்து மதத்தின் வியாதி மாத்திரமல்ல. பாதிரியார் அஷர் என்பவர் உலகம் கி.மு. 4004-ல் உண்டாயிற்று என்று கணக்குப் போட்டுக் கொடுத்து, கிறிஸ்தவ உலகம் வெகு காலம் அதை நம்பிக் கிடந்தது. கற்கள் வாய் திறந்தபின் அந்தக் கணக்கு காற்றாய்ப் பறந்தது.

கல்லை வாய் திறக்கச் செய்தவர்கள் இங்கும் வந்தார்கள். 1840-களில் கேய், கன்லிப் என்ற இரு வெள்ளைக்காரர்கள் திருச்சிப் பகுதியில் இவற்றைப் பொறுக்கிச் சீமைக்கு அனுப்பினார்கள். பார்ப்ஸ் என்ற பண்டிதர் 1846-ல் அவற்றை விவரித்து எழுதினார். பிறகு பிளான்போர்டு பாறைகளை அளந்தார். ஸ்டோலிஸ்கா உயிர்களை வகைப்படுத்தினார். மாட்லி என்பவர் 1929-ல் இப்பகுதி டைனோசர்களைப் பற்றி எழுதினார். வெள்ளைக்காரன் நம்மைச் சுரண்டினான் என்பது மெய். அவன் போகிற இடமெல்லாம் குனிந்து கல்லைப் பார்த்தான் என்பதும் மெய். நாம் நிமிர்ந்து கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

நாமே கண்டெடுத்த காலத்திலாவது காப்பாற்றினோமா? கல்லமேட்டில் அகப்பட்ட எலும்புகளை யாதகிரி, அய்யாசாமி என்ற நமது நாட்டு அறிஞர்கள் ஆராய்ந்து, 1987-ல் அப்பிராணிக்குப் பிருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். அதன் கீழ்க்கால் எலும்பு ஒன்று மட்டுமே சுமார் 2 மீட்டர்! உலகத்தில் நடமாடிய மிகப் பெரிய பிராணிகளில் அதுவும் ஒன்றாயிருக்கலாம் என்று கருதப்படுகிறது. இன்று அந்த எலும்பு எங்கே? மழை ஈரத்தில் ஊறியிருந்த எலும்பு உதிர்ந்து மண்ணாய்ப் போயிற்று. எஞ்சினவை படங்களும் வரைபடங்களுமே. அப்படங்களில் சில 2022-ல்தான் வெளிவந்தன. 6 கோடி ஆண்டு மண்ணுக்குள் பத்திரமாயிருந்தது, மனிதன் கைக்கு வந்தவுடன் காணாமற் போயிற்று. இதற்கு எந்த ஊரிலாவது ஒரு நாள் துக்கம் உண்டா? சுவாமியின் திருவாபரணத்தில் ஒரு குண்டுமணி குறைந்தால் ஊரே எழுந்திருக்குமே!

"வயிற்றுக்கு வழியில்லாதவனுக்குப் பொருட்காட்சிசாலை எதற்கு? சுண்ணாம்புக் குழியில் நாலு பேருக்குக் கூலி கிடைக்கிறதே" என்று கேட்பவர்கள் உண்டு. குழியை மூடச் சொல்லி நாம் கேட்கவில்லை. எலும்போ முட்டையோ தென்பட்டால் சம்மட்டியை நிறுத்தி, தெரிந்தவனைக் கூப்பிடு என்றுதான் கேட்கிறோம். மேலும், குஜராத்தில் ரையோலி என்ற ஊரில் இதேபோல் எலும்பும் முட்டையும் கிடைத்தன. அங்கே 2019-ல் டைனோசர் பொருட்காட்சிசாலை திறந்தார்கள். வேடிக்கை பார்க்க ஊர் ஊராய் ஜனங்கள் வருகிறார்கள். தோண்டித் தீர்ந்த குழி கூலி கொடுக்காது. காப்பாற்றின கல் என்றைக்கும் கொடுக்கும்.

பொருட்காட்சிசாலையில் இன்னொரு விசேஷமும் இருக்கிறது. அங்கே கர்ப்பக்கிருகம் இல்லை. உள்ளே போகிற ஜாதி, வெளியே நிற்கிற ஜாதி என்று இல்லை. தீட்டென்று பெண்ணைத் தள்ளிவைப்பதில்லை. தட்டிலே காசு போட்டவனுக்கு ஒரு தரிசனம், போடாதவனுக்கு ஒரு தரிசனம் என்றில்லை. காட்டப்படுகிற பொருள் கும்பிடுவதற்கல்ல, கேள்வி கேட்பதற்கு. இப்படிப்பட்ட கட்டடம் ஊருக்கு ஒன்று இருந்தால், ஊருக்கு நாலு பிரசங்கி செய்கிற வேலையை அது பேசாமலே செய்துவிடும். 1851-ல் சென்னையில் பொருட்காட்சிசாலை ஏற்பட்டது. அதற்குப் பின் இந்நாட்டில் எத்தனை கோபுரத்துக்குக் கும்பாபிஷேகம் நடந்தது, எத்தனை பொருட்காட்சிசாலைக்குக் கடைக்கால் போட்டோம் என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கட்டும்.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. இப்படிப்பட்ட மண்ணியல் சின்னங்களைக் காப்பதற்கென்று ஒரு மசோதாவின் நகலை 2022 டிசம்பரில் மத்திய சர்க்கார் வெளியிட்டது. காகிதத்தில் எழுதின காவலைக் கண்டு எந்த ஓடையிலும் சம்மட்டி நிற்காது. கங்கைகொண்ட சோழபுரத்துக் கற்களைக் காக்கக் காவலாள் உண்டு, காக்கட்டும். ராஜா அடுக்கின கல்லுக்குக் காவல் உண்டென்றால், ராஜாவும் மந்திரியும் புரோகிதனும் இல்லாத காலத்துக் கல்லுக்கு ஏன் இல்லை?

கடைசியாக நமது தோழர்களுக்கே சொல்ல வேண்டியதும் ஒன்றுண்டு. "அது வெறும் கல்" என்று மேடையில் நாம் சொல்லுகிறோம். சரிதான். ஆனால் "பின்னே அந்தக் கல் என்ன?" என்று ஒரு சிறுவன் திருப்பிக் கேட்டால் நம்மில் எத்தனை பேர் பதில் சொல்லுவோம்? கடவுளை மாத்திரம் எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டால், நாளைக்கு வேறொரு பைரவர் வந்து உட்கார்ந்து கொள்ளுவார். அறிவைக் கொண்டுபோய் அங்கே வைத்தால்தான் நம் வேலை பூர்த்தியாகும். ஓடையில் பொறுக்கின சிப்பியை வீட்டு அலமாரியில் அலங்காரத்திற்கு வைப்பதும், வியாபாரிக்கு விற்பதும், பூஜையறையில் வைப்பதைவிட மேலான காரியமல்ல.

ஆகவே செந்துறை, குன்னம், அரியலூர் வட்டாரத்துத் தோழர்களைக் கேட்டுக் கொள்ளுகிறோம். உங்கள் ஊர்க் கல் எங்கே கிடைத்தது என்று குறித்து வையுங்கள். கிடந்த இடத்தைக் கலைக்காதீர்கள். தெரிந்தவர்களை அழைத்துக் காட்டுங்கள். பிள்ளைகளை வருஷத்தில் ஒரு நாளாவது சாத்தனூருக்கும் வாரணவாசிக்கும் அழைத்துச் செல்லுங்கள். செந்துறையில் கிடைத்ததைச் செந்துறையிலேயே விளக்க ஓர் அறையாவது வேண்டுமென்று கிராமசபையில் எழுந்து நின்று கேளுங்கள். உண்டியலில் போட வைத்திருக்கும் காசை அதற்குக் கொடுங்கள். உங்கள் பேரப்பிள்ளை ஒரு நாள் அந்தக் கல்லைக் கையில் எடுத்து, கன்னத்தில் போட்டுக் கொள்ளாமல், "இது எப்படி உண்டாயிற்று?" என்று கேட்பானேயானால், அதைவிடப் பெரிய கும்பாபிஷேகம் இந்த ஊருக்கு வேறொன்றும் வேண்டியதில்லை.